கொள்ளி வெச்சவன் எங்க போவான்

தீர்த்தகிரி செத்துப்போன சேதி பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு வந்தப்ப, கோகிலவாணிக்கு மொதல்ல அழுகை வரல. அப்படின்னா அவன் வருவான்ங்கற நெனப்புத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான், சே, என்ன பொம்பள நானுன்னு தன்னையே திட்டிக்கிட்டு, எழுதிக்கிட்டிருந்த ஏலச் சீட்டைக் கீழ வெச்சிட்டு, கிரேட்டு மேல உக்காந்து அழுதா. செத்தது அவ மாமனாரு. வருவான்னு நெனச்சது அவ புருஷன் நவநீதனை.

நவநீதன் போலந்துல இருக்கான். ஓசூருல ஒரு கம்பெனியில வெல்டரா இருந்தவன். பொண்ணு தன்யாவுக்கு மூணு வயசு இருக்கும்போது, தீர்த்தகிரி இருந்த ஒரே மேட்டுக்காட்டையும் வித்து ஏஜெண்டுக்குக் கட்டி அவனை அனுப்பி வெச்சாரு. கொஞ்ச காலம் பணமும் வந்துச்சு, போனும் வந்துச்சு. அப்புறம் போன் மட்டும் வந்துச்சு. அப்புறம் நம்பரையே மாத்திட்டான். அங்க வேற ஒருத்தியோட இருக்கான்னு கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் ஊருக்கு வந்தப்ப சொன்னான். இருந்துட்டுப் போகட்டும், பெத்த பொண்ணுக்குச் சோறு போட வேண்டாமான்னுதான் கோகிலவாணி கேஸ் போட்டா. வக்கீல் வீரமணி உனக்கும் சேத்துக் கேளும்மான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. எனக்கு வேண்டாம் சார், பாப்பாவுக்கு மட்டும் வாங்கிக் குடுங்கன்னுட்டா. ரோஷக்காரி.

அந்தக் கேஸ்ல சாட்சி சொன்னது யாருங்கறீங்க? தீர்த்தகிரிதான். தர்மபுரி கோர்ட்டுல கூண்டேறி, என் மகன் நல்லா சம்பாரிக்கறான் சாமி, என் பேத்திக்குத் தர மாட்டேங்கறான்னு ஜட்ஜம்மா முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. பெத்த மகனையே காட்டிக் குடுத்தான்னு பங்காளிங்க அவரைக் காறித் துப்பாத கொறைதான். மனுஷன் அசரல. வாரம் தவறாம பஸ் ஏறி, கேவுரு மாவும் வேர்க்கடலையும் மடியில கட்டிக்கிட்டுப் பாலக்கோடு வருவாரு. பேத்தியைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கிட்டு வந்து விட்டுட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவாரு. மகன் செஞ்சதுக்கு அவரு வெக்கப்பட்டாரு.

மாசாமாசம் பாப்பாவுக்கு இவ்வளவு தரணும்னு ஜட்ஜம்மா தீர்ப்பு எழுதினாங்க. அன்னைக்கு மாமனாரும் மருமகளும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னு டீ குடிச்சாங்க. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சாங்க, பாவம். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனா ஏர்போர்ட்டு வரைக்கும்தான் அதுக்கு மரியாதை, கடல் தாண்டினா அது வெறும் காகிதம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அங்க இருக்கற நாடுங்கல்லாம், ஒருத்தர் நாட்டு ஜீவனாம்சத் தீர்ப்பை இன்னொருத்தர் வசூல் பண்ணிக் குடுக்கறதுன்னு ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்காம். நம்ம நாடு அதுல சேரல. வீரமணி டெல்லி வழியா நோட்டீசு அனுப்பிப் பாத்தாரு. இந்த அட்ரஸ்ல அப்படி ஆள் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. புது அட்ரஸ் இங்க ஒருத்தருக்கும் தெரியல. ஏர்போர்ட்டுல மடக்கறதுக்குப் போட்ட மனு கிணத்துல போட்ட கல்லாட்டம் கெடந்துச்சு.

மிச்சம் இருந்தது பிடிவாரண்டு ஒண்ணுதான். அது உள்ளூர் ஸ்டேஷன்ல இருந்துச்சு. அவன் இந்த மண்ணுல கால் வெச்சா புடிக்கலாம். புடிச்சு ஜட்ஜு முன்னாடி நிறுத்தி, பாஸ்போர்ட்டைக் கோர்ட்டுல வாங்கி வெச்சிட்டா போதும்மா, அப்புறம் பாரு, தானா வழிக்கு வருவான்னு வீரமணி சொல்லுவாரு. எல்லாம் சரி, அவன் வரணுமே. அவங்கம்மா அவன் போலந்து போறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. இப்ப அப்பன் செத்திருக்காரு. ஒரே மகன். கொள்ளி போடக்கூடவா வராம இருப்பான்?

கோகிலவாணி பொண்ணைக் கூட்டிக்கிட்டு, கடத்தூர் பக்கத்துல இருக்கற மாமனாரு ஊருக்குப் போய்ச் சேந்தப்ப, தீர்த்தகிரியை ஐஸ் பெட்டியில வெச்சிருந்தாங்க. நாத்தனா பானுமதி ஓடி வந்து கட்டிக்கிட்டு அழுதா. அழுகை ஓஞ்சதும் காதுகிட்ட வந்து, அண்ணன் வரேங்கறான் அண்ணி, ஆனா பயப்படறான்னா. போலீஸ் புடிக்காதுன்னு உறுதி குடுத்தாத்தான் டிக்கெட் போடுவானாம். அப்பன் பெட்டியில கெடக்கறாரு, மகன் பேரம் பேசறான்.

மாமனாரோட தம்பி சென்னப்பன் ஊருக்குள்ள நாலு பேரு மதிக்கற மனுஷன். அவருதான் எல்லாரையும் வெச்சுக்கிட்டு மருமககிட்டப் பேசினாரு. கோர்ட்டு கேஸெல்லாம் நாயந்தான், இல்லைன்னு சொல்லல. பையன் வரட்டும், கொள்ளி போடட்டும், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் நானே கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து தர்மபுரி கோர்ட்டுல நிறுத்தறேன்னாரு. சொல்லிட்டு ஐஸ் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சாரு. அண்ணன் மேல வெச்ச சத்தியம் அது.

கோகிலவாணி யோசிச்சா. நவநீதனை அவ நம்பல, அவன் வாயில வர்ற எதையும் நம்பி ரொம்ப நாளாச்சு. ஆனா கொள்ளியை நம்பினா. அந்தப் பக்கத்துல கொள்ளி வெச்சவன் காரியம் முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். செருப்புப் போட மாட்டான், பாயிலதான் படுப்பான், பொழுது சாஞ்சா செத்தவங்க படுத்திருந்த எடத்துல அவன்தான் வெளக்கேத்தணும். மீறினா செத்தவங்க வாசலை விட்டுப் போக மாட்டாங்க, வம்சம் வெளங்காதும்பாங்க. இதை மீறினவன் ஒருத்தனை அவ பாத்ததில்ல, கேள்விப்பட்டதும் இல்ல. சென்னப்பனோட மகன் அவங்கம்மாவுக்குக் கொள்ளி வெச்ச சமயம், அவன் பொண்டாட்டிக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரியில பிரசவம். உசுருக்கு ஆபத்துன்னாங்க. அப்பகூட அவன் எல்லைக் கல்லுகிட்ட வெறுங்காலோட நின்னுக்கிட்டு, போன்லதான் அழுதான். அதைக் கோகிலவாணி கண்ணால பாத்தவ. சரி மாமா, வரச் சொல்லுங்கன்னா.

வீரமணிக்குப் போன் போட்டுச் சொன்னதுக்கு, அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. ஏம்மா, புடிக்கறதுன்னா அவன் வர்ற அன்னைக்கே புடிக்கணும், அப்புறம் ஏர்போர்ட்டுல அவனைத் தடுக்க நம்மகிட்ட ஒரு துண்டுக் காகிதம் கெடையாதுன்னாரு. கொள்ளி வெச்சவன் எங்க சார் போவான்னு கேட்டா. அவரு மெட்ராஸ்ல படிச்ச ஆளு. அவருக்கு இது வெளங்கல.

நவநீதன் பெங்களூருல எறங்கி, கார் வெச்சுக்கிட்டு வந்தான். உடம்பு போட்டிருந்தான், காதோரம் நரைச்சிருந்துச்சு. அப்பன் முகத்தைப் பாத்ததும் பெட்டி மேல விழுந்து கதறினான். அது நடிப்புன்னு சொல்ல மாட்டேன். அழுகை நெசந்தான். அவன்கிட்ட அழுகைக்கு என்னைக்கும் பஞ்சமில்ல. பாட்டனுக்கு நெய்ப்பந்தம் புடிக்கப் பேரப்புள்ளைங்களைக் கூப்பிட்டப்ப, தன்யாவும் போய் நின்னா. அந்த வரிசையில யாரு தன் பொண்ணுன்னு தெரியாம அவன் முழிச்சதைக் கோகிலவாணி பாத்தா. பானுமதி கையைக் காட்டின அப்புறம்தான் கிட்ட வந்து, பொண்ணு தலையைத் தடவிக் குடுத்தான். தன்யா நெருப்பைப் பாத்துக்கிட்டே நின்னா.

சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போறதில்ல. ஊர்க் கோடியில, வேப்பமரம் வரைக்கும் வந்து நின்னாங்க. அங்க பாத்தா ஏட்டு ஒருத்தர் பைக்கை நிறுத்திட்டு நிக்கறாரு. வீரமணி விடல, ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டாரு. பாடை அவங்க கிட்ட வந்துச்சு. முன்னால நவநீதன் ஈரத் துணியோட, தீச்சட்டியைத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட போனான். ஏட்டைப் பாத்ததும் நடை தடுமாறுச்சு. கூட வந்தவங்க எல்லாரும் நின்னு கோகிலவாணியைத் திரும்பிப் பாத்தாங்க. பறை அடிக்கறவங்ககூட அடிக்கறதை நிறுத்திட்டாங்க. ஏட்டு அவகிட்ட வந்து, மெதுவான கொரல்ல கேட்டாரு.

"என்னம்மா சொல்றீங்க? இப்பவே கூட்டிக்கிட்டுப் போகட்டுமா, வேண்டாமா?"

ஒரு வார்த்தை. புடிங்கன்னு அவ சொல்லியிருந்தா முடிஞ்சுது. பாடை மேல தீர்த்தகிரியோட முகம் தெரிஞ்சுது, நெத்தியில காசு. பேத்திக்கு வேர்க்கடலை கொண்டு வந்த மனுஷனைக் கொள்ளி இல்லாம நடுவழியில எறக்கி வெக்க அவளுக்கு மனசு வரல.

"காரியம் முடியட்டும் சார்"னா.

ஏட்டுக்கும் அது நிம்மதிதான். சாவு வூட்டுல கலாட்டா ஆனா அவரு தலைதான் உருளும். ஆள் தட்டுப்படலைன்னு எழுதிக்கறேன், காரியம் முடிஞ்சதும் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாரு.

மூணாம் நாள் பால் தெளிச்சாங்க. அன்னைக்கு அவன் கோகிலவாணிகிட்டத் தனியா வந்து பேசினான். மொட்டைத் தலை, மீசை இல்ல, பாக்கவே பாவமாத்தான் இருந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன் கோகிலா. காரியம் முடியட்டும், நானே கோர்ட்டுக்கு வரேன். பாப்பாவுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

அவ அவனைத் தாண்டிப் பாத்தா. அவனோட சீமை பூட்ஸ் ஆட்டுக்கொட்டாய்க் கூரை மேல கெடந்துச்சு. சென்னப்பன்தான் அதைத் தூக்கி அங்க போட்டிருந்தாரு, காரியம் வரைக்கும் அதுக்கு வேலை இல்லைன்னு. அதைப் பாத்தா அவளுக்கு ஒரு தெம்பு. இருந்தாலும் மனசு கேக்காம சென்னப்பன்கிட்டப் போய், அவரு பாஸ்போர்ட்டை நீங்க வாங்கி வெச்சுக்கங்க மாமான்னா. அவருக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. கொள்ளி வெச்சவன்கிட்டப் போய்ப் பாஸ்போர்ட்டைக் குடுன்னு கேக்கச் சொல்றியா, எங்க வம்சத்தை அவ்வளவு கேவலமா நெனச்சிட்டியான்னாரு. கோகிலவாணிக்கு வெக்கமாப் போச்சு. மன்னிச்சுக்கங்க மாமான்னுட்டு வந்துட்டா.

லீவு கெடையாது, பாலக்கோட்டுக்குத் திரும்பி மண்டிக்குப் போனா. ரொம்ப நாளைக்கப்புறம் வயிறார சாப்பிட்டா. தன்யா மட்டும் தெனம் ஒரு தடவை, அப்பா இன்னும் அங்கதான் இருக்காரான்னு கேப்பா. இருக்காருடி, எங்க போயிடப் போறாருன்னு இவ சொல்லுவா. காரியம் முடிஞ்ச மறுநாளைக்குன்னு வீரமணி மனுவெல்லாம் தயார் பண்ணி வெச்சிட்டாரு.

பானுமதிகிட்ட இருந்து போன் வந்தப்ப ஏலம் மும்முரமா நடந்துக்கிட்டிருந்துச்சு. இவ ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டா. அண்ணன் காரியத்துக்குச் சாமான் சொல்லிட்டு வரேன்னு எல்லைக் கல்லு வரைக்கும் நடந்து போனானாம். அங்க ஒரு கார் நின்னுச்சாம். கெணத்து மேட்டுல மாடு மேச்சவங்க பாத்திருக்காங்க. கூப்பிட்டதுக்குத் திரும்பலையாம். கேட்ட உடனே இவ ஏலச் சீட்டைப் போட்டுட்டு வெளிய ஓடி வந்தா. வீரமணிக்கு அடிச்சா. அவரும் யார் யாருக்கோ போன் போட்டாரு. ஏர்போர்ட்டுக்குப் பேச ஆர்டர் வேணும், ஆர்டருக்கு ஜட்ஜு வேணும், அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. எல்லாம் பாத்துத்தான் கம்பி நீட்டியிருக்கான்.

இருந்தாலும் இவ பஸ் ஏறினா. ஏதாவது தப்பா இருக்கும், கடத்தூர் சந்தை வரைக்கும் போயிருப்பான், திரும்பி வந்திருப்பான்னு வழி பூரா தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. ஊர்ல எறங்கினவ யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. நேரா ஆட்டுக்கொட்டாய்க்குப் போய்க் கூரையைப் பாத்தா. பூட்ஸ் இல்ல. அங்கயே, புழுக்கை மேலயே உக்காந்துட்டா. வூட்டுக்குள்ள, தீர்த்தகிரி படுத்திருந்த எடத்துல அன்னைக்கு வெளக்கேத்த ஆள் இல்ல.

காரியத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது சென்னப்பன் பாலக்கோட்டு மண்டிக்கே வந்துட்டாரு. அடுக்கி வெச்சிருந்த கிரேட்டுக்குப் பின்னால, யாரோ எவரோங்கற மாதிரி நின்னுக்கிட்டிருந்தாரு. இவ கண்ணைப் பாக்க முடியல அவரால. அவரைப் பாத்ததும் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கணும்னுதான் இவளுக்கு இருந்துச்சு. ஆளு ஒரு சுத்து இளைச்சுப் போயிருந்தாரு. கேக்கல.

அவரு வந்த விஷயம் இதுதான். பாதியில நிக்கற காரியத்தை யாராவது முடிச்சு வெக்கணும். ஒருத்தன் விட்டுட்டுப் போன காரியத்தை இன்னொருத்தன் எடுத்துச் செஞ்சா, எடுத்தவன் குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. பங்காளிங்க ஒருத்தரும் அவங்கவங்க மகனை விட மாட்டேங்கறாங்க. கொள்ளி வெச்சவனோட புள்ளை செஞ்சா தோஷமில்லைன்னு, காரியம் செஞ்சு வெக்கற பண்டாரம் சொல்றாராம். பொண்ணா இருந்தாலும் பரவாயில்ல, காலம் மாறிப்போச்சு, தன்யாவை அனுப்பி வையிம்மான்னாரு.

கோகிலவாணிக்கு அப்பத்தான் கோவம் தலைக்கேறுச்சு.

"உங்க வூட்டுப் பசங்களுக்கு ஆகாதது, என் பொண்ணுக்கு மட்டும் ஆகுமா மாமா?"

சென்னப்பன் கையை எடுத்துக் கும்பிட்டாரு. அவரு கால்ல செருப்பு இல்ல. அவ்வளவு தூரமும் வெறுங்காலோடதான் பஸ் ஏறி வந்திருக்காரு, கொள்ளி வெச்சவனுக்குப் பதிலா, செருப்புப் போடாத அந்த நோம்பை மட்டும் அவரு புடிச்சிருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச பரிகாரம் அவ்வளவுதான். அவன் பண்ணினதை அவனோட பொண்ணு தலையில கட்டறதுக்கு ஒரு நோட்டீசு வேண்டாம், டெல்லி வேண்டாம், ஒரு பஸ் டிக்கெட்டு போதும்னு கோகிலவாணி நெனச்சுக்கிட்டா.

முடியாதுன்னு சொல்லித்தான் அனுப்பினா. ராத்திரி தன்யாகிட்டச் சொன்னப்ப, அவ கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே வெச்சா. அப்புறம், தாத்தா எனக்காகக் கோர்ட்டுக்கெல்லாம் வந்தாரில்ல, நான் செய்யறேன்மான்னா. காலையில கோகிலவாணி சென்னப்பனுக்குப் போன் போட்டு, கூட்டிக்கிட்டு வரேன்னா.

இருமத்தூர்ல பெண்ணையாத்தங்கரையில காரியம் நடந்துச்சு. ஆத்துல முழங்கால் தண்ணிதான். பங்காளிங்கல்லாம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்னாங்க. தன்யாவை ஈரப் பாவாடையோட மண்ணுல உக்கார வெச்சு, பண்டாரம் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அவ செஞ்சா. எள்ளை எடுன்னா எடுத்தா, தண்ணி விடுன்னா விட்டா. சோத்து உருண்டையை அந்தச் சின்னக் கையால புடிக்க முடியல, உதிர்ந்து உதிர்ந்து போச்சு. மறுபடி மறுபடி புடிச்சா. தப்பாச் செஞ்சா தாத்தாவுக்குப் போய்ச் சேராதுன்னு அவளுக்கு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க.

பானுமதி ஒரு ஓரமா போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. கோகிலவாணி கிட்டப் போய்ப் பாத்தா, போன்ல நவநீதன் தெரியறான். அங்க குளிரு போல. கம்பளிக் குல்லா போட்டிருக்கான், மொட்டைத் தலை தெரியாம. அப்பன் காரியத்தைப் பாக்கணும்னு அவனே கூப்பிட்டானாம். கண்ணுல தண்ணி வழிய வழியப் பாத்துக்கிட்டிருந்தான். கோகிலவாணி முகம் தெரிஞ்சதும் மூக்கைத் தொடைச்சுக்கிட்டான்.

"பாப்பா நல்லா செய்யறா கோகிலா. வளந்துட்டா."

அவனை நேர்ல பாத்தா கேக்கணும்னு அவ எத்தனையோ சேத்து வெச்சிருந்தா. அதுல ஒண்ணுகூட அந்த நேரத்துக்கு வாயில வரல. போனைக் கையில வாங்கினா. கொரலை ஒசத்தல.

"நீங்க இருக்கற வூட்டு அட்ரஸைச் சொல்லுங்க."

அவன் ஒரு நிமிஷம் அவளையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் போன்ல அவன் முகம் இல்ல. கட் பண்ணிட்டான். பானுமதி திரும்பக் கூப்பிட்டுப் பாத்தா, போகல.

அந்தப் பக்கம் பண்டாரம் உருண்டையை ஆத்துல விடச் சொன்னாரு. தன்யா தண்ணியில எறங்கி விட்டா, முங்கி எழுந்தா. திரும்பிப் பாக்காம கரையேறணும், அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு அவரு சாமானைக் கட்ட ஆரம்பிச்சாரு. தள்ளி நின்ன பங்காளிங்கல்லாம் இப்பத்தான் கிட்ட வந்தாங்க. சென்னப்பன் குனிஞ்சு, பேத்தி காலைத் தொடப் போனாரு. அவ கூச்சப்பட்டுக்கிட்டு அம்மா பின்னால வந்து நின்னுக்கிட்டா.

பல்லு கிட்டிக்கிட்டு நடுங்கினா. கோகிலவாணி முந்தானையால அவ தலையைத் தொவட்டினா. அப்பா பாத்தாரா, என்ன சொன்னாருன்னு தன்யா கேட்டா. பாத்தாருன்னு மட்டும் இவ சொன்னா.

"மறுபடி எப்பம்மா வருவாரு?"

கோகிலவாணியோட கை நின்னுபோச்சு. நவநீதனோட அம்மா அப்பவே போயிட்டாங்க. அப்பனுக்கு இப்ப எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. அவனை இந்த மண்ணுக்கு இழுத்துக்கிட்டு வர இனி ஒரு சாவுகூட பாக்கி இல்ல. கடைசியா இருந்த ஒண்ணையும் இந்தப் பொண்ணு கையாலயே முடிச்சு, ஆத்துல விட்டாச்சு.

"இனி எதுக்குடி வரணும்? அதான் எல்லாத்தையும் நீயே முடிச்சு வெச்சிட்டியே"ன்னா.

தன்யா அதைப் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டா. ஆமாம்மா, ஆத்துல விடும்போது ஒரு உருண்டைகூட ஒடையல, பாத்தியான்னு கேட்டா. பாத்தேன்னு சொல்லிட்டு, கோகிலவாணி அவ பாவாடையைப் புழிஞ்சு விட்டா.